பிரைவசி வேண்டாம் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில் நீவா என்ற தேடுபொறி ஏன் மூடப்பட்டது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான், தகவல்களில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசியில் கட்டுரையாளர் போய்ச் சேர்ந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. மக்களுக்குத் தங்கள் அந்தரங்கத்தைப் பற்றி அக்கறை கிடையாது, இலவசமாக எது கிடைத்தாலும் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள், அதனால் பிரைவசியை நம்பித் தொழில் தொடங்குகிறவர் பிழைக்க முடியாது என்று முடித்திருந்தார். நான் ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் செல்போன் விற்பனையும் சர்வீஸும் செய்கிற சிறிய கடை வைத்திருக்கிறேன். தினமும் அடுத்தவர்களின் போனைக் கையில் வாங்குகிறவன். நான் பார்க்கிற மனிதர்கள் அந்தக் கட்டுரையில் இருக்கிற மனிதர்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீவா. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் ராமசாமி திருச்சியில் பிறந்தவர், இங்கே ஐஐடி மெட்ராஸில் படித்தவர், கூகுளில் 15 வருடம் இருந்து கடைசியில் அந்த நிறுவனத்தின் விளம்பரத் தொழிலையே கட்டி மேய்த்தவர். விளம்பரத்துக்காக ஜனங்களின் தகவல் எப்படித் திரட்டப்படுகிறது என்பது அவரை விட யாருக்குத் தெரியும்? அவர் 2018இல் வெளியே வந்து, 2019இல் விவேக் ரகுநாதனோடு சேர்ந்து தொடங்கியதுதான் நீவா. விளம்பரம் கிடையாது, நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பதை யாருக்கும் விற்பது கிடையாது, பதிலுக்குச் சந்தா கட்ட வேண்டும். 2021இல் அமெரிக்காவில் மாதம் 4.95 டாலர் என்று ஆரம்பித்தார்கள், பிறகு இலவசமாகவும் ஒரு வகை கொடுத்தார்கள். 2023 மே மாதம் மூடுவதாக அறிவித்து ஜூன் 2ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். நிறுவனத்தை ஸ்னோஃப்ளேக் என்கிற, கம்பெனிகளின் டேட்டாவைச் சேமித்துக் கையாளுகிற அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது, அடுத்த வருடம் பிப்ரவரியில் ராமசாமியே அந்த ஸ்னோஃப்ளேக்குக்குத் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். இவ்வளவும் உங்கள் கட்டுரையில் இருக்கிறது.

இல்லாத ஒன்று இருக்கிறது. மூடும்போது அந்த நிறுவனர்களே ஒரு விஷயம் சொன்னார்கள். எல்லாரும் நினைப்பது மாதிரி ஜனங்களைக் காசு கொடுக்க வைப்பது பெரிய கஷ்டமாக இல்லை, புதிதாக ஒரு தேடுபொறியை முதல் தடவை முயன்று பார்க்க வைப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்றார்கள். பொருளாதாரச் சூழல் மாறிப்போனதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள், நான் அதை மறைக்கவில்லை. ஆனாலும் இது எவ்வளவு பெரிய வாக்குமூலம் பாருங்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர் காசு கொடுக்கத் தயார், வாசல் வரைக்கும் வரத்தான் ஆள் இல்லை. ஏன் வரவில்லை? வாசலை வேறு ஒருவர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். போனிலும் பிரவுசரிலும் முதலிலேயே எந்தத் தேடுபொறி இருக்க வேண்டும் என்பதற்காக கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க அரசு போட்ட வழக்கில் வெளியே வந்தது. ஆப்பிளுக்கு மட்டும் 2022இல் 2,000 கோடி டாலர். ராமசாமியே அந்த வழக்கில் சாட்சி சொன்னார். 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்புக் கொடுத்தார். நீவா கடையைச் சாத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அப்போது.

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்றால் அவர்கள் தானாகவே பழைய இடத்தில் இருந்திருப்பார்கள் இல்லையா? அவ்வளவு பணத்தை எதற்குக் கொட்ட வேண்டும்?

இந்த வாசல் கதை நம் ஊரிலும் உண்டு. ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு 2023 ஜனவரியில், இந்தியாவில் புதுப் போனை செட்டப் செய்யும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு திரை வரும் என்று கூகுள் அறிவித்தது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரை வருகிற நேரத்தைப் பாருங்கள். புதுப் போன் வாங்கியவர் கவுண்டரில் நின்றுகொண்டிருக்கிறார். பழைய போனிலிருந்து வாட்ஸ்அப் வந்து சேருமா என்ற பதற்றம் ஒரு பக்கம், கண்ணாடி ஒட்டியாச்சா, கவர் எந்த கலர் என்பது ஒரு பக்கம், பையன் வேறு கையைப் பிடித்து இழுக்கிறான். அந்த நேரத்தில் இதுவரை பெயரே கேட்காத நாலைந்து பெயர்கள் திரையில் வந்தால் என்ன சொல்வார்? "எப்பவும் இருக்கிறதையே போடுங்க பாய்" என்பார். நானும் போட்டுக் கொடுப்பேன். இதை வைத்து அந்த மனிதருக்கு பிரைவசி மேல் அக்கறை இல்லை என்று கணக்கு எழுதுவது நியாயமா?

அதே மனிதர் ஆறு மாதம் கழித்து டிஸ்ப்ளே உடைந்து வருவார். அப்போது வந்து பாருங்கள் அக்கறையை. போனைக் கொடுத்துவிட்டுப் போகவே மாட்டார். "நான் இங்கயே நிக்கிறேன், கண் முன்னாடி மாத்திக் குடுங்க." காலேஜ் படிக்கிற பெண்கள் என்றால் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. சிலர் முதல் நாளே வந்து விலை மட்டும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் போட்டோவை எல்லாம் அழித்துவிட்டு மறுநாள் வருவார்கள். பேட்டர்ன் என்னம்மா என்று டெக்னீஷியன் கேட்டால் முகம் மாறும். டச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறோம். ஆனால் லாக்கை எடுக்காமலே எமர்ஜென்சி கால் திரையில் நம்பர்களை அழுத்திப் பார்த்தே பாதிச் சோதனையை முடித்துவிடலாம், என் கடையில் இப்போது அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பல சாம்சங் போன்களில் மெயின்டெனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் டிவைஸ் கேர் என்ற இடத்துக்குள் போனால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால் போன் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி, டெக்னீஷியன் கண்ணுக்கு வெறும் புதுப் போன் மாதிரி தெரியும். போட்டோ, மெசேஜ், அக்கவுண்ட் எதுவும் தெரியாது. திரும்ப எடுக்க உங்கள் கைரேகையோ பின் நம்பரோ வேண்டும். டிஸ்ப்ளே முழுசாகப் போய்விட்டால் இதைப் போட வழியில்லை, அது ஒரு குறை. மற்றபடி இப்படி ஒன்று இருக்கிறது என்று நான் கவுண்டரில் சொல்லி, வேண்டாம் என்று சொன்ன ஒரு கஸ்டமரை நான் பார்த்ததில்லை. பல பேர் "இதை ஏன் யாருமே சொல்லல?" என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள். காசில்லை, தனி ஆப் இல்லை, போனுக்குள்ளேயே இருக்கிறது, ஒரே தட்டு. கேட்டவுடனே போட்டுக்கொள்கிறார்கள்.

தி. நகரில் துணி எடுக்கப் போனால் பில் போடுகிற இடத்தில் மொபைல் நம்பர் கேட்பார்கள், தெரியும்தானே. வரிசையில் நின்று கவனியுங்கள். எத்தனை பேர் கடைசி எண்ணை மாற்றிச் சொல்கிறார்கள் என்று. எங்கள் வீட்டிலேயே என் மனைவி அதைத்தான் செய்வாள். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது பில் போடுகிற பெண்ணோடு யார் வாதம் செய்வது? அவள் என்ன செய்வாள், நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த திரைக்குப் போகாது. சண்டை போடாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கண்டுபிடித்த வழிதான் அந்தத் தப்பான எண்.

இப்போது நம் ஊர் ஸ்டார்ட்அப் ஒன்றின் கதை. பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள், கிண்டி பக்கம் ஒரு மாடியில் சின்ன ஆபீஸ் வைத்திருந்தார்கள். ஒரே ஆப்பில் இரண்டு வேலை. ஒன்று, போனில் இருக்கிற மற்ற ஆப்கள் பின்னால் எங்கெங்கேயோ தகவல் அனுப்புவதைத் தடுப்பது. இரண்டாவது, போட்டோவையும் டாக்குமெண்டையும் பூட்டி வைக்கிற பெட்டகம். மாதச் சந்தா பெரிய தொகை இல்லை, ஒரு நல்ல ஹோட்டலில் டிபன் சாப்பிடுகிற காசு. எங்கள் தெருவில் கடை கடையாக ஏறி, உங்கள் கஸ்டமருக்குப் போட்டுக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்று கேட்டார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன், பொருள் நல்ல பொருள் என்று நம்பித்தான் கொடுத்தேன், இப்போதும் அதில் மாற்றமில்லை. அதனால் அது ஏன் ஓடவில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் பிரச்சினை, அது என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஒரு நோட்டிபிகேஷன் வரும், இன்று இத்தனை டிராக்கர்களை, அதாவது பின்னாலிருந்து தகவல் எடுக்கிற நிரல்களை, தடுத்தோம் என்று. வந்தவுடனே ஜனங்கள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள். "பாய், போன்ல வைரஸ் பூந்துடுச்சு போல." இல்லைங்க, இது தடுத்ததைச் சொல்கிறது என்றால், "அப்போ இத்தனை நாளா இருந்துச்சா?" என்பார்கள். இருந்தது. "அதனால எனக்கு என்ன ஆச்சு?" இந்தக் கேள்விக்கு அந்தக் கம்பெனியிடம் ஒரு வரிப் பதில் இருந்ததே இல்லை. உங்கள் விவரம் சேர்த்து வைக்கப்படுகிறது, அதை வைத்து உங்களை எடைபோடுகிறார்கள், விளம்பரம் காட்டுகிறார்கள் என்று அந்தப் பையன்கள் ஆர்வமாக விளக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கிற மனிதருக்கு அது எங்கேயோ நடக்கிற விஷயம்.

இரண்டாவது பிரச்சினை அதைவிடப் பெரியது. ஆண்ட்ராய்டில் இந்த மாதிரித் தடுப்பு வேலை செய்ய வேண்டும் என்றால் போனுக்குள்ளேயே ஒரு விபிஎன் மாதிரி, அதாவது போனிலிருந்து போகிற தகவலை எல்லாம் தன் வழியாகவே அனுப்புகிற ஏற்பாடு மாதிரி, ஓட வேண்டும். விபிஎன் ஓடினால் சில பேங்க் ஆப்கள் திறக்காது, பாதுகாப்பில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள், மளிகைக் கடையில் நின்று ஸ்கேன் செய்கிறார், பணம் போக மாட்டேன் என்கிறது, பின்னால் ஆள் நிற்கிறார்கள். அவர் அடுத்த நிமிஷம் எதைத் தூக்குவார்? ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஆபீஸ் விபிஎன் போட்டால் இது அணைந்துவிடும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அதற்கு மேல் சில பிராண்டு போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடுகிற எதையும் போனே கொன்றுவிடும். ஆக, காசு கட்டி வாங்கிய காவல்காரனைப் போனே வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் பையன்கள் எழுதிய நிரலில் இதற்கு வைத்தியம் கிடையாது, அது கூகுளும் போன் கம்பெனிகளும் போட்டு வைத்திருக்கிற விதி. அவர்கள் வீட்டுக்குள் குடியிருந்துகொண்டு அவர்களையே கண்காணிக்கிற தொழில் இது.

பெட்டகத்தின் கதை மனசுக்குக் கஷ்டமானது. உங்கள் போட்டோவை எங்களாலும் பார்க்க முடியாது என்பதுதான் அந்தக் கம்பெனியின் பெரிய வாக்குறுதி. சாவி உங்களிடம் மட்டும்தான், எங்களிடம் நகல் கிடையாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுதான் நேர்மையான வழி. புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள், கைக்குழந்தையோடு. பிரசவத்துக்குப் போன இடத்தில் எடுத்த போட்டோக்களை எல்லாம் அதற்குள் வைத்திருக்கிறாள், பின் நம்பர் மறந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். பாவம், அந்தப் பையன் அழாத குறையாக, எங்களாலும் திறக்க முடியாது சார் என்றான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், "காசு வாங்குறாங்கல்ல, அவங்களாலயே முடியலன்னா எப்படிண்ணா?" நான் என்ன சொல்ல முடியும்.

அவள் எதற்காக அதைப் பூட்டினாள் என்று பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. கூட்டுக் குடும்பம், வீட்டில் அவள் போனை எல்லாரும் எடுப்பார்கள், கொழுந்தனாரின் பிள்ளைகள் கேம் விளையாட எடுப்பார்கள், மாமியார் தொடர் பார்க்க எடுப்பார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த போட்டோவை அவர்கள் யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான். கலிபோர்னியாவில் இருக்கிற எந்தக் கம்பெனியும் அவள் மனசில் இல்லை. அந்தப் பெட்டகத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வந்தார்கள் என்பேன். அக்கா, பக்கத்து சீட்டுக்காரர், ஹாஸ்டல் ரூம்மேட், சந்தேகப்படுகிற புருஷன், சர்வீஸ் கடைக்காரன், இவர்களிடமிருந்துதான் நம் ஜனங்கள் முதலில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு ரூம், ஐந்து பேர் என்று இருக்கிற ஊரில் இது நியாயமான பயம். அந்த ஸ்டார்ட்அப்போ வேறு ஒரு பயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டும் பிரைவசிதான். ஆனால் வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது, பிள்ளைகள் கைக்குப் போனைக் கொடுத்தாலும் மறைந்திருக்கிற, மறந்தால் கேட்டு வாங்கக்கூடிய ஒரு சாதாரணப் பூட்டு. உலகத்திலேயே யாராலும் திறக்க முடியாத பூட்டை யாரும் கேட்கவில்லை.

பணம் கட்டுகிற விஷயத்திலும் கட்டுரையாளர் சொல்வது பாதிதான் சரி. ஜியோ 2016இல் வந்ததிலிருந்து டேட்டா மலிவு, 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வியாபாரிகளிடம் கட்டணம் கிடையாது, வாட்ஸ்அப்பே 2016இல் அந்த ஒரு டாலர் வருடச் சந்தாவையும் எடுத்துவிட்டது. ஆப்புக்குக் காசு கொடுக்கிற பழக்கமே இங்கே வளரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கடையில் சந்தாவை வேண்டாம் என்றவர்கள் பெரும்பாலும் தொகையைச் சொல்லி மறுக்கவில்லை. ஆட்டோபே என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் பின்வாங்கினார்கள். மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றால், எப்படி நிறுத்துவது என்று தெரியாத பயம். வேறு ஏதோ ஆப்பில் இலவச டிரையல் என்று நுழைந்து பணம் போய் அடிபட்டவர்கள். ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு முடித்துக்கொடுங்கள் என்று பலர் கேட்டார்கள். சர்வர் செலவு மாதாமாதம் வரும்போது அந்தப் பிள்ளைகள் எப்படி ஒரே தடவையில் முடிப்பார்கள்? கடைசியில் ஒரு தீபாவளி முடிந்ததும் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள்.

மூடியதற்கு நம் ஜனங்களின் அலட்சியத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் ஆப்பிள் விஷயத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? 2021 ஏப்ரலில் ஐபோனில் ஒரு சின்னக் கேள்வியைக் கொண்டுவந்தார்கள். இந்த ஆப் மற்ற ஆப்களிலும் இணையதளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா, வேண்டாமா என்று. அவ்வளவுதான், ஒரே கேள்வி, இரண்டு பட்டன். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று அழுத்திவிட்டார்கள். அதனால் 2022இல் தங்களுக்கு 1,000 கோடி டாலர் அளவுக்கு வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. காசு கேட்காமல், பேங்க் ஆப்பைக் கெடுக்காமல், தெளிவாகக் கேட்டால் ஜனங்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய வாக்கெடுப்பு நடந்ததில்லை.

அதே 2021இல் ஜனவரியில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் தன் பிரைவசி கொள்கையை மாற்றுகிறேன், ஒப்புக்கொள் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியது. என் கடைக்கு வந்தவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்கள், சிக்னல் போட்டுக் கொடுங்கள், டெலிகிராம் போட்டுக் கொடுங்கள் என்று. 72 மணி நேரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் புதிதாக வந்தார்கள் என்று டெலிகிராம் அப்போது சொன்னது. பிறகு பலர் திரும்பிப் போனார்கள், உண்மை. ஏன் போனார்கள்? பிள்ளையின் ஸ்கூல் குரூப் அங்கே இருக்கிறது, அபார்ட்மெண்ட் தண்ணி லாரி எப்போது வரும் என்ற தகவல் அங்கே இருக்கிறது, ஊரில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்தது அந்தப் பச்சை நிற ஆப் மட்டும்தான். நம் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்தக் கொள்கை மாற்றத்துக்காக, வாட்ஸ்அப்பையும் வைத்திருக்கிற மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் இதே மாதிரிக் காரணத்துக்குத்தான். ஒத்துக்கொள், இல்லையென்றால் போ என்று சொல்கிற இடத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அப்படியானால் பிரைவசியை வைத்துப் பிழைத்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சிக்னல் பிழைப்பது நன்கொடையால். வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018இல் 5 கோடி டாலர் கொடுத்துத்தான் அந்த அறக்கட்டளை ஆரம்பமானது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஓடிபி அனுப்புகிற செலவே வருடத்துக்கு 60 லட்சம் டாலர் ஆகிறது என்று அவர்களே 2023இல் எழுதினார்கள். நம் கிண்டிப் பையன்களுக்கு எந்த ஆக்டன் வருவார்? நம் ஊர் ஸோஹோ 2020இலேயே தன் இணையதளங்களிலிருந்து மற்ற கம்பெனிகளின் டிராக்கர்களை எடுத்துவிட்டது. அந்தக் கம்பெனியால் எடுக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களுக்குச் சோறு போடுவது விளம்பரம் இல்லை, கம்பெனிகளுக்கு விற்கிற மென்பொருள். கணக்கு எழுதவும் மெயில் அனுப்பவும் ஒருவர் காசு கொடுக்கிறார், பிரைவசி அதோடு சேர்ந்து வருகிறது. அதே ஸோஹோவின் அரட்டை என்ற மெசேஜ் ஆப் 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று ஏறியது, ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் அது ஒரு நாளைக்கு 3,50,000 ஆனது என்று ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். ஆனால் அப்போது என் கடையில் அதைப் போடச் சொன்னவர்கள் நம்ம ஊர் ஆப் என்ற பெருமையில் கேட்டார்கள். எழுதுகிற செய்திகளுக்கு, அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர யாரும் படிக்க முடியாத முழு என்க்ரிப்ஷன் அப்போது அதில் இருக்கவில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டவர்கள் மிகக் குறைவு.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பிரைவசியைத் தனியாக ஒரு சரக்காகப் பொட்டலம் கட்டி விற்றால் வாங்க ஆள் வராது, வந்தாலும் நிற்காது. வாங்குகிற பொருளோடு அது முன்கூட்டியே இருக்க வேண்டும். இருக்கும்படி செய்கிற வேலையைச் சட்டம்தான் செய்ய முடியும், ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கிற நாலு பிள்ளைகள் செய்ய முடியாது.

கடன் ஆப் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் அந்த ஆப்களில் சிக்கியவர்கள் என் கடைக்கு வந்து கதறியிருக்கிறார்கள். போனில் இருக்கிற கான்டாக்ட் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மேனேஜருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்துவான். முகத்தை வெட்டி ஒட்டிய போட்டோவை அனுப்புவான். அந்த ஆட்களை எந்த பிரைவசி ஆப் காப்பாற்றியிருக்கும்? அவர்களே பணத் தேவையில் அனுமதி கொடுத்தவர்கள்தானே. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோவையும் கால் விவரத்தையும் தொடக் கூடாது என்று வழிகாட்டு விதி போட்டது. பதிவில்லாத திருட்டு ஆப்கள் இன்னும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முறையான கம்பெனிகளின் ஆப்பை நிறுவும்போது கான்டாக்ட் கொடு என்று கேட்பது குறைந்திருப்பதைக் கவுண்டரிலேயே பார்க்கிறேன். கஸ்டமர் ஒருவரும் அதற்காகச் சந்தா கட்டவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆனது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. கம்பெனிகள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. நீவா பிறந்து வளர்ந்து மூடியே போய்விட்டது இந்த இடைவெளியில். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது, அரசுத் துறைகளுக்கு விலக்குக் கொடுக்கிற பிரிவும் இருக்கிறது, அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. அந்தச் சட்டப்படி, எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்கிற அறிவிப்பையும் சம்மதம் கேட்கிற வாசகத்தையும் அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி கொடுக்க வேண்டும். தமிழும் அதில் ஒன்று. அந்தத் தமிழ் எப்படி இருக்கப் போகிறது என்பதுதான் என் கவலை. இப்போதே சில ஆப்களில் தமிழ் என்று போட்டிருப்பதைப் படித்தால் எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, கஸ்டமருக்கு எப்படிப் படித்துக் காட்டுவது? உங்கள் வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு ஆப்பை எடுத்து, நம் ஊரில் அதிகம் பேர் வைத்திருக்கிற பேங்க் ஆப், கேஸ் புக் செய்கிற ஆப், ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற ஆப் என்று எடுத்து, அது என்ன கேட்கிறது, எதை மறுத்தாலும் ஆப் வேலை செய்யும், எதை மறுக்க முடியாது என்று புரிகிற தமிழில் போடுங்கள். வெட்டி எடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன். எங்கள் தெருக் கடைக்காரர்களிடமும் கொடுக்கிறேன், அவர்களும் ஒட்டுவார்கள். புதுப் போன் செட்டப் செய்யும்போது எப்படியும் பத்து நிமிஷம் கஸ்டமர் சும்மாதான் நிற்கிறார், அந்த நேரத்தில் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் கடைக்காரர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.